குரல் போனாலும் சொல் போவதில்லை

உடலும் ஒலியும் – 7

செங்கலடிச் சந்தியில் பின்னேர வேளைகளில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் கொண்டக்டர்மாரின் தொண்டையைக் கவனித்திருப்பார்கள். பதுளை வீதி வந்து திருகோணமலை வீதியில் முட்டுகிற இடம் அது. விடியக் காலை தொடங்கி "ஏறாவூர், மட்டக்களப்பு" என்று கத்திக் கத்தி, பொழுது சாயும்போது அவர்களிடம் குரல் என்று சொல்லத்தக்க எதுவும் மிஞ்சியிருக்காது. கரகரப்பும் காற்றும்தான் வெளியே வரும். ஆனாலும் ஏறாவூருக்குப் போகவேண்டிய ஒருவர் தவறி வாழைச்சேனை பஸ்ஸில் ஏறியதாகக் கேள்விப்பட்டதில்லை. குரல் செத்துக் கிடக்கிறது, சொல் மட்டும் முழுதாக வந்து காதில் விழுகிறது.

போன கிழமை குரல்நாண்களைப் பார்த்தோம். ஆண்களில் 17 முதல் 25 மில்லிமீற்றர் நீளமுள்ள இரண்டு சதை மடிப்புகள் செக்கனுக்கு நூறு தடவைக்கு மேல் அடித்துக்கொள்கின்றன, பெண்களில் இருநூறு தடவைக்கு மேல். அந்த மடிப்புகளுக்கு நேர் மேலே காதை வைக்க முடியுமானால் கேட்பது வெறும் ரீங்காரம். அதில் அகரமும் இல்லை, ஈகாரமும் இல்லை. யார் பேசினாலும், எந்த மொழி பேசினாலும், அந்த இடத்தில் ஒரே வகை இரைச்சல்தான். சொல் பிறப்பது அதற்கு மேலே உள்ள வெற்றிடத்தில்.

சந்தேகமிருந்தால் குசுகுசுத்துப் பாருங்கள். ஆ, ஈ, ஊ என்று மூன்றையும் இரகசியம் சொல்வதுபோலச் சொல்லுங்கள். தொண்டையில் விரலை வைத்தால் அதிர்வு இருக்காது. குரல்நாண் வேலை நிறுத்தம் செய்துவிட்டது. ஆனாலும் பக்கத்தில் இருப்பவர் மூன்று எழுத்தையும் சரியாகப் பிரித்தறிவார். கொண்டக்டருக்கு நடப்பதும் கிட்டத்தட்ட இதுதான்.

அந்த வெற்றிடத்தின் நீளம், வளர்ந்த ஆண் ஒருவரில், குரல்நாணிலிருந்து உதடு வரை ஏறத்தாழ 17 சென்ரிமீற்றர். பெண்களில் 14, 15. பிறந்த குழந்தையில் 8 அளவில். கீழே தொண்டைக்குழி. அது மண்டையோட்டின் அடியிலிருந்து கழுத்தின் ஆறாவது முள்ளந்தண்டு எலும்பு மட்டம் வரை இறங்குகிற தசைக் குழாய். அதன் முன்பக்கம் மூன்று வாசல்கள் திறக்கின்றன. மேலே மூக்குக்குழிக்கு ஒன்று, நடுவில் வாய்க்குழிக்கு ஒன்று, கீழே குரல்வளைக்கு ஒன்று. சோறும் காற்றும் ஒரே வழியால் வந்து பிரிகிற இடம் இது, ஆகவேதான் புரையேறுகிறது. விழுங்கும்போது குரல்வளை மேலெழுந்து, குரல்வளைமூடி கவிழ்ந்து, காற்று வழி அடைபடுகிறது. சாப்பிடும்போது கதைக்காதே என்று வீட்டுப் பெரியவர்கள் அதட்டியதற்கு உடற்கூற்றியல் முழு ஆதரவு தருகிறது.

மூக்குக்குழிக்கும் வாய்க்குழிக்கும் நடுவே கிடக்கும் கூரைதான் அண்ணம். நாக்கு நுனியால் பல்லின் பின்புறத்திலிருந்து பின்னோக்கி வருடிப் பாருங்கள். முதலில் மேடு, பிறகு எலும்புக் கூரை, அதன்பின் எலும்பு தீர்ந்து மெத்தென்று ஒரு சதை. அந்தச் சதை மெல்லண்ணம், அதன் நுனியில் தொங்குவது உள்நாக்கு. மெல்லண்ணம் ஒரு கதவு. மேலே எழுந்து பின் சுவரோடு ஒட்டினால் மூக்குக்கு வழி அடைபடும், கீழே தளர்ந்தால் திறக்கும். இந்தக் கதவின் கதை பெரியது, சற்றுப் பின்னால் வருகிறேன்.

காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தரை நாம் தமிழ்த் துறவியாகவும் பேராசிரியராகவும் நினைவில் வைத்திருக்கிறோம். அவர் இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரி என்பதை மறந்துவிடுகிறோம். 1947இல், தான் மறைவதற்குச் சற்று முன் அரங்கேறிய யாழ் நூலில், நரம்பின் நீளத்துக்கும் சுருதிக்கும் உள்ள உறவை அவர் கணக்குப் போட்டுக் காட்டினார். யாழில் நரம்பு மட்டும் இருந்தால் பக்கத்தில் இருப்பவனுக்கும் கேட்காது. அடியிலே தோல் போர்த்த பத்தர் இருக்கிறது, உள்ளே பொள்ளலான பாகம். நரம்பு கொடுக்கும் அதிர்வில் எதை வளர்ப்பது, எதை அடக்குவது என்று தீர்மானிப்பது அதுதான். நமது தொண்டையும் வாயும் மூக்கும் அந்தப் பத்தர். ஒரு வித்தியாசம் உண்டு. யாழின் பத்தரைத் தச்சன் ஒருமுறை குடைந்தால் அத்தோடு சரி. நமது பத்தர் ஒரு செக்கனுக்குள் பத்துப் பன்னிரண்டு தடவை வடிவம் மாறுகிறது. ஆகவேதான் யாழுக்கு இசை உண்டு, சொல் கிடையாது.

மட்டக்களப்பைப் பற்றி எழுதிவிட்டுப் பாடும் மீனைச் சொல்லாமல் விட்டால் வாசகர் கடிதம் வரும். சொல்லிவிடுகிறேன். 1848 செப்டெம்பரில் இங்கே வந்த எமர்சன் டெனன்ற், வாவியின் அடியிலிருந்து எழும் இன்னொலியைப் படகிலிருந்து கேட்டதாக 1859இல் வெளியான தன் இலங்கை நூலில் எழுதினார். மீனவர்கள் அவரிடம் கொண்டுவந்து காட்டியது மீனை அல்ல, ஊரியை. மீனா ஊரியா என்ற வழக்கு இன்றும் நடக்கிறது. மீன்களில் ஒலியெழுப்பும் இனங்கள் பல உண்டு என்பது மட்டும் உறுதி. அவற்றுக்குக் குரல்வளை கிடையாது. பலவற்றில் வயிற்றுக்குள் உள்ள காற்றுப்பையைத் தசைகள் மேளம்போல அதிரச் செய்கின்றன. அங்கேயும் ஒரு குழி, அங்கேயும் ஒலி. நொடிக்கு நொடி வடிவம் மாற்ற வாயும் நாக்கும் உதவாததால் பாட்டோடு சரி, பேச்சில்லை.

இனி வடிவம் என்ன செய்கிறது என்று பார்ப்போம். ஒரு பக்கம் அடைத்து மறுபக்கம் திறந்த 17.5 சென்ரிமீற்றர் குழாயை எடுத்துக்கொள்ளுங்கள். ஈரமான வெதுவெதுப்பான காற்றில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 350 மீற்றர் போகும். அந்தக் குழாய் செக்கனுக்கு 500, 1500, 2500 அதிர்வுகளுக்கு வாகாக ஒத்திசைக்கும். மற்றவை உள்ளேயே மங்கிவிடும். நாக்கைச் சும்மா நடுவில் போட்டு, வாயை அரைகுறையாகத் திறந்து, யோசிக்கும்போது "அ...." என்று இழுக்கிறோமே, அதுதான் இந்த மொட்டைக் குழாயின் ஒலி. நாக்கை அசைத்த உடனே கணக்கு மாறும். ஈ சொல்லும்போது நாக்கு முன்னே ஏறி வாய்க்குழியை ஒடுக்கி, பின்னே தொண்டைக்குழியை அகலமாக்குகிறது. முதல் ஒத்திசைவு 300க்குக் கீழே இறங்க, இரண்டாவது 2300 வரை ஏறுகிறது. ஆ சொல்லும்போது நேர்மாறு, வாய் அகலம், தொண்டை ஒடுக்கம். இரண்டு ஒத்திசைவுகளும் 700, 1100 என்று நெருங்கி வந்து நிற்கின்றன. ஊகாரத்தில் உதடு குவிந்து குழாய் நீள, இரண்டும் கீழே போகின்றன. நமது காது இந்த இரண்டு எண்களின் இடைவெளியைத்தான் உயிரெழுத்தாக வாசிக்கிறது. சாதாரணப் பேச்சில் சுருதி எதுவானாலும், குரல் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அந்த இடைவெளி பிழைக்காது.

இதை முதலில் ஒழுங்காக அளந்தவர்கள் இரண்டு ஜப்பானியர்கள், சிபா, கஜியாமா. கதைக்கும் மனிதரை எக்ஸ்-கதிர்ப் படமெடுத்து, குழியின் குறுக்களவைக் கணித்து, 1941இல் தோக்கியோவில் புத்தகமாக வெளியிட்டார்கள். 1960இல் சுவீடன்காரர் குன்னார் ஃபாண்ட் அதை முழுக் கோட்பாடாக்கினார்.

எக்ஸ்-கதிர் இல்லாத காலத்தில் வாழ்ந்த தொல்காப்பியரிடம் போவோம். எழுத்ததிகாரத்தின் மூன்றாவது இயல் பிறப்பியல். உந்தியிலிருந்து கிளம்பும் காற்று நெஞ்சிலும் மிடற்றிலும் தலையிலும் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்பவற்றோடு பொருந்தி எழுத்தாகிறது என்று எட்டு இடங்களை அவர் கணக்கெடுக்கிறார். மிடறு, வாய், மூக்கு என்று மூன்று குழியும் வந்துவிட்டன. அகர ஆகாரத்துக்கு வாய் திறந்தால் போதும், உகரக் கூட்டத்துக்கு இதழ் குவியவேண்டும் என்று அவர் பிரிப்பதையும் இன்றைய அளவீடு மறுக்கவில்லை. எதையும் தொல்காப்பியர் முன்பே சொல்லிவிட்டார் என்று மார்தட்டும் கூட்டத்தில் நான் சேரமாட்டேன். ஆகாரத்தில் தொண்டை ஒடுங்குவது அவருக்குத் தெரிய வழியில்லை, அது கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் உணர்வாகாது. தன் வாயைத் தானே உணர்ந்து ஒரு மனிதர் எவ்வளவு தூரம் போகலாமோ அவ்வளவு தூரம் போயிருக்கிறார். அதுவே எனக்குப் பெரிய வியப்பு.

அவர் கூர்மை உச்சத்தில் நிற்பது மூக்கைப் பற்றிச் சொல்லுமிடத்தில். மெல்லெழுத்து ஆறும் தத்தம் இடத்திலேயே பிறந்தாலும், மூக்கின் காற்றால் இசைக்கும் என்கிறார். இரண்டு குழியும் ஒன்றாக வேலை செய்கின்றன என்பதுதான் அதன் பொருள். பிறகு வந்த நன்னூல் வல்லினத்துக்கு நெஞ்சு, மெல்லினத்துக்கு மூக்கு என்று பாகம் பிரித்துக் கொடுத்தது. மனப்பாடம் செய்ய அது சுலபம், ஆனால் பழைய கூற்றே உண்மைக்குக் கிட்ட நிற்கிறது.

ஏன் என்று பார்க்கத் தடிமன் பிடித்த ஆளைக் கூப்பிடுங்கள். மூக்கு அடைத்த பிள்ளை "அம்மா" என்று கூப்பிட்டால் "அப்பா" மாதிரி ஒன்று கேட்கும். உதடு மூடும் இடம் இரண்டுக்கும் ஒன்று. மெல்லண்ணம் தளர்ந்து மூக்கு வழி திறந்தால் மகரம், அடைபட்டால் பகரம். கங, சஞ, டண, தந, பம, றன என்று நமது நெடுங்கணக்கு இணை இணையாக நிற்பதன் காரணம் இந்த ஒரே கதவு.

ஆனால் ஒரு கேள்வி மிச்சம். மூக்குக்குழி ஒன்றே ஒன்று. நாக்கைப்போல அதை அசைக்க முடியாது. உள்ளே சுருண்ட எலும்புத் தகடுகள், காற்றைச் சூடாக்கி ஈரமாக்கச் சளிச்சவ்வு, அவ்வளவுதான். அப்படியிருக்க ங, ஞ, ண, ந, ம, ன என்று ஆறு வேறு ஒலி எப்படி வருகிறது? விடை வாயில் இருக்கிறது. மகரத்துக்கு உதட்டை மூடுகிறோம். ஒலி மூக்கால் போகிறது, ஆனால் மூடிய வாய்க்குழி முட்டுச் சந்தாகப் பக்கத்தில் கிடக்கிறது. அந்தச் சந்துக்குள் போகும் ஒலியில் ஒரு பங்கு அங்கேயே சிக்கித் தொலைகிறது. மகரத்தில் சந்து நீளம், ஆகவே 1000 அதிர்வு அளவில் ஒரு பள்ளம் விழுகிறது. நகர னகரத்தில் நாக்கு முன்பல் பக்கம் மறிப்பதால் சந்து குட்டை, பள்ளம் 1500க்கும் 2200க்கும் இடையே. ஙகரத்தில் நாக்கின் அடி மெல்லண்ணத்தோடு ஒட்டிவிடுவதால் சந்தே இல்லாத மாதிரி, பள்ளம் 3000க்கு மேலே போய்விடுகிறது. 1962இல் புஜிமுரா என்ற ஆய்வாளர் இதை அளந்து காட்டினார். வாய் மூடியிருந்தும், ஒரு சொட்டுக் காற்றுகூட அதன் வழியாக வெளியே போகாமலிருந்தும், அதன் உள்ளளவு எழுத்தைத் தீர்மானிக்கிறது. மெல்லெழுத்து ஆறு வைத்திருக்கிற நமக்கு இந்தச் சங்கதி இங்கிலிஷ்காரரை விட இரட்டிப்புச் சொந்தம்.

இந்தக் கதவை இலங்கையும் தமிழ்நாடும் ஒரே மாதிரி ஆட்டுவதில்லை. சென்னைப் பேச்சில் "மரம்" என்ற சொல்லின் கடைசியில் உதடு மூடுவது அரிது. மெல்லண்ணத்தைத் தளர்த்தி, உயிரெழுத்தை மூக்கால் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். நம்மவர் பெரும்பாலும் உதட்டை மூடியே முடிப்பார்கள். படம் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இந்தியத் தமிழ் கதைத்துக் காட்டும்போது முதலில் பிடித்துக்கொள்வது இந்த மூக்கொலியைத்தான்.

அண்ணம் பிளந்து பிறக்கும் குழந்தைக்கு இந்தக் கதவு ஆரம்பத்திலேயே பழுது. கருவின் மூன்றாம் மாதத்துக்குள் இருபுறத் தட்டுகளும் வந்து நடுவில் பொருந்தவேண்டும். பொருந்தாவிட்டால் வாயும் மூக்கும் ஒரே அறை. பகரத்துக்கும் ககரத்துக்கும் வேண்டிய காற்றழுத்தம் தேங்காமல் மூக்கால் ஒழுகிவிடும். பிளவைத் தைத்தால் மட்டும் போதாது, பிறகு பேச்சுப் பயிற்சி வேண்டும். ராகமையில் உள்ள களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடம் அதற்கான ஆட்களைப் பட்டப்படிப்பாகவே பயிற்றுவிக்கிறது.

மூக்கை விட்டு வாய்க்கு வருவோம். மட்டக்களப்புப் பேச்சு, பேச்சுத் தமிழ் வகைகளிலெல்லாம் எழுத்துத் தமிழுக்கு மிகக் கிட்டியது என்று செக் நாட்டு அறிஞர் கமில் சுவெலபில் 1960களில் எழுதினார். அதைச் சொல்லிச் சொல்லி நாங்கள் நிறையப் பெருமைப்பட்டாயிற்று. "மறுகா" என்றும் "என்னகா" என்றும் கதைக்கிற ஊர் எழுத்துத் தமிழுக்குக் கிட்ட என்றால் யாழ்ப்பாணத்தார் சிரிப்பார்கள். ஆனால் ஒரு விடயத்தில் ஈழத்தார் எல்லோருமே பழைய இலக்கணத்துக்கு அருகில் நிற்கிறோம். வெற்றி என்று வாசிக்கும்போது நமது நாக்கு நுனி, மேற்பல்லுக்குச் சற்றுப் பின்னே உள்ள மேட்டில் அழுந்தி ஒட்டிக் காற்றை நிறுத்துகிறது. தமிழ்நாட்டில் அங்கே ஒரு ரகர உருளல் கேட்கும். றகரத்துக்குத் தொல்காப்பியர் சொல்வது நுனிநா எழும்பி அண்ணத்தை ஒற்றுவது. ரகர ழகரத்துக்குத்தான் வருடுவது. ஒற்றுவதற்கும் வருடுவதற்கும் உள்ள வேறுபாட்டை நமது வாய் இன்னும் காப்பாற்றுகிறது. ரிக்கற், மார்க்கற், சென்ரிமீற்றர் என்று நாங்கள் எழுதுவதைப் பார்த்துத் தமிழ்நாட்டு நண்பர்கள் கேலி செய்வார்கள். அந்த றகரத்தை எங்கள் வாயால் கேட்டால் கேலி நின்றுவிடும்.

இந்தப் பெருமைக்கு ஒரு கழிவும் உண்டு. ழகரத்தை நம்மில் பலர் ளகரத்தோடு சேர்த்துக் கரைத்துவிட்டோம். இரண்டுக்கும் குழியில் என்ன வேறுபாடு என்று 1999இல் ஷ்ரீகாந்த் நாராயணன், டானி பைர்ட், அபிகெயில் கான் ஆகியோர் அமெரிக்காவில் காந்த ஒத்திசைவுப் படமெடுத்துப் பார்த்தார்கள். ர, ற, ல, ள, ழ என்று ஐந்தையும் எடுத்துக்கொண்ட ஆய்வு அது. ளகரத்தில் நாக்கு நுனி அண்ணத்தைத் தொட்டு நிற்க, பக்கங்களால் ஒலி வழிகிறது. ழகரத்தில் நாக்கு வளைந்து மேலெழுந்தும் தொடுவதில்லை. நடுவே ஒடுங்கிய வழி, நாக்கின் கீழே புதிதாக ஒரு சின்ன அறை. அந்த இடமாற்றம் மூன்றாவது ஒத்திசைவைக் கீழே இழுத்துவிடுகிறது, நமது காது "அட, ழகரம்" என்கிறது. வகுப்பில் பிள்ளைகளுக்கு ழகரம் பழக்கும் ஆசிரியர்கள் நாக்கை மடி, மடி என்று மட்டும் சொல்கிறார்கள். தொடாதே என்பதையும் சேர்த்துச் சொன்னால் பாதி வேலை முடியும்.

இனிக் கூத்து. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் வந்தபிறகு கூத்து மேடைக்கும் வகுப்பறைக்கும் போயிருக்கிறது. பேராசிரியர் சி. மௌனகுருவின் "மட்டக்களப்பு மரபுவழி நாடகங்கள்" 1998இல் நூலாக வந்தது. நான் சொல்வது வட்டக்களரிக் கூத்தை. மைக் இல்லாத காலத்தில் நாலு பக்கமும் சனம், மத்தளம், சல்லரி, விடியும் வரை பாட்டு. அங்கே குரல் எட்டவேண்டுமானால் உச்சத்தில் பாடவேண்டும், செக்கனுக்கு 3000 அதிர்வை அண்டிய பகுதியில்தான் மனிதக் காது மிகக் கூர்மை. அதற்குக் கொடுக்கும் விலை சொல். சுருதி 400க்கு மேலே ஏறிவிட்டால், 300இல் நிற்கவேண்டிய ஈகார ஊகாரங்களின் முதல் ஒத்திசைவுக்கு அங்கே பிடிக்க ஒலியே கிடையாது. ஆகவே பாடுகிறவர் தன்னையறியாமல் தாடையை இறக்குவார், ஈகாரம் ஏகாரத்தின் பக்கம் சாயும், எழுத்துகள் ஒன்றுக்கொன்று உறவாகிவிடும். ஒப்பெரா பாடகிகளுக்கும் இதே கதிதான். கூத்தில் பிற்பாட்டுக்காரர் அதே அடியைத் திருப்பிப் பாடுவதற்குத் தாளம், களைப்பாற்றல் என்று பல காரணம் சொல்வார்கள். தவறிப்போன சொல்லை இரண்டாம் முறை சனத்தின் காதில் சேர்ப்பதும் அதில் ஒன்றாக இருக்கவேண்டும் என்பது என் எண்ணம்.

கூத்து என்றதும், அதைப் பழக்கும் அண்ணாவியாரும் அவர் பக்கத்தில் வெற்றிலை வட்டாவும் நினைவுக்கு வருகின்றன. கல்யாணம், செத்தவீடு, கோயில், வயல்வேலை, எங்கும் அந்த வட்டா போகும். இங்கே சற்றுக் கண்டிப்பாகக் கதைக்கவேண்டியிருக்கிறது. இலங்கை ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடத்தில் நிற்பது வாய்ப் புற்றுநோய். புகையிலை சேர்த்தால்தான் ஆபத்து, வெறும் பாக்கு ஒன்றும் செய்யாது என்று சொல்கிறவர்கள் நம்மூரில் இன்னும் உண்டு. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட தொகுப்பில் பாக்கையே, புகையிலை இல்லாத நிலையிலும், மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதி என்ற முதல் வகுப்பில் வைத்துவிட்டது.

புற்றுக்கு முன்னே வேறொன்று வரும். பாக்கிலுள்ள அரிக்கோலீன் வாயின் உட்தோலுக்குக் கீழே நார்ப்பொருளைப் பெருகச் செய்கிறது. கன்னம் உள்ளே வெளிறிப் பட்டை பட்டையாக இறுகும். நாக்கு முன்னே நீளாது. மெல்லண்ணம் விறைத்து, உள்நாக்கு சுருங்கும். மேலே சொன்ன அத்தனை வேலைக்கும் குழி வடிவம் மாறவேண்டும், இங்கே அது மாற மறுக்கிறது. தாடை இறங்காததால் ஆகாரம் குறுகும், கதவு ஒழுங்காக மூடாததால் குரல் மூக்கால் வரும். வெற்றிலை போட்டுப் போட்டுக் கதை கொழகொழத்துவிட்டது என்று வீட்டில் பகிடி பண்ணுவார்கள். அது பகிடி பண்ணும் விடயமில்லை.

முதல் அறிகுறி பேச்சில் தெரிவதில்லை, சாப்பாட்டில் தெரியும். எத்தனையோ வருடமாகத் தின்ற அதே உறைப்புக் கறி திடீரென்று வாயை எரிக்கத் தொடங்கும். அப்படியானால் வாயை முழுதாகத் திறந்து, சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் மூன்றையும் ஒன்றின்மேல் ஒன்றாக நிறுத்தி மேற்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே விட்டுப் பாருங்கள். வளர்ந்த ஒருவருக்கு அவரவர் விரல் மூன்றும் போகவேண்டும். இரண்டோடு தடுத்தால் அன்றைக்கே பாக்கை நிறுத்திவிட்டு, அரசாங்க வைத்தியசாலையின் பல் வைத்தியரிடம் போங்கள். பல் வலிக்கவில்லையே என்று தள்ளிப்போடவேண்டாம்.

அடுத்த கிழமை: எட்டு சென்ரிமீற்றர்க் குழாயோடு பிறக்கும் குழந்தை கதைக்கப் பழகும் கதை.

(தொடரும்)